மைன்கிராஃப்டில் கட்டிய தேர், பின்னணியில் சினிமாப் பாட்டு: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலியில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். மைன்கிராஃப்ட் கேமில் நெல்லையப்பர் கோவிலையும் நான்கு ரத வீதிகளையும் ஏழு மாதம் உட்கார்ந்து கட்டினேன். ஆனித் தேரோட்டத்தில் ஒரு தாத்தாவும் பேரனும் வடம் பிடிப்பதை 11 நிமிட வீடியோவாக எடுத்து யூடியூபில் போட்டேன். கதை, வசனம், குரல் எல்லாம் நானும் என் தங்கையும்தான். தேர் நகரும் இடத்தில் மட்டும் ஒரு சினிமாப் பாட்டை 2 நிமிடம் 40 விநாடி வைத்தேன். மூன்று வாரம் கழித்து மியூசிக் கம்பெனி க்ளெய்ம் போட்டது. மறுத்தேன், நிராகரித்தார்கள். அப்பீல் செய்தேன், வீடியோவையே தூக்கிவிட்டு ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறலுக்கான எச்சரிக்கை) கொடுத்துவிட்டார்கள். வேறு ஒரு வீடியோவுக்காக 40 நாள் முன்பு வந்த ஸ்ட்ரைக்கையும் சேர்த்தால் இது இரண்டாவது. இதற்கிடையில் ஒரு பெரிய சேனல் என் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி ஷார்ட்ஸாகப் போட்டிருக்கிறது. அதே பாட்டோடு ஓடுகிறது, என்னைவிடப் பத்து மடங்கு பார்வை! கேட்டால் பிளாக் செய்கிறார்கள். நான் சம்பாதித்ததே 3,800 ரூபாய்தான். மியூசிக் கம்பெனிக்கு கவுன்டர் நோட்டிஃபிகேஷன் (வீடியோவை நீக்கியது தவறு என்ற எதிர் அறிவிப்பு) அனுப்பலாமா? திருடிய சேனல் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியுமா? கல்லூரி விழாவிலும் ஊர்த் திருவிழாவில் எல்இடி திரையிலும் இதைப் போட்டுக்காட்டக் கேட்கிறார்கள், போடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் டிரைவில் அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆளைக்கூட விடாமல் கட்டி வைத்திருக்கிறீர்கள். பேரனின் கையை விட்டுவிட்டுத் தாத்தா வடத்தைத் தொடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ஏழு மாத உழைப்பு, பத்து மடங்கு பார்வை, பிளாக் செய்த அவமானம் எதையும் கோர்ட் எடை போடாது. அது கேட்கப்போவது ஒரே கேள்விதான். அந்த 2 நிமிடம் 40 விநாடிப் பாட்டை வீடியோவில் சேர்க்க உங்களிடம் எழுத்தில் அனுமதி இருக்கிறதா? இல்லை. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இந்த 'இல்லை'யிலிருந்துதான் வருகிறது.

கேம் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங், ரசிகர்கள் தங்கள் சொந்தச் சரக்கைச் சேர்த்து வீடியோ போடுவதையும் அதில் விளம்பர வருமானம் பெறுவதையும் தன் விதிகளிலேயே அனுமதிக்கிறது. உங்கள் வீடியோ அதற்குள் அடங்கும். எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. ரசிகர்கள் ஒன்பது வருஷம் உழைத்து 2016 ஆகஸ்டில் வெளியிட்ட பொக்கிமான் யுரேனியம் என்ற கேம், 15 லட்சம் டவுன்லோடைத் தாண்டிய பிறகும், பொக்கிமான் கேம்களை வெளியிடும் நின்டெண்டோ தரப்பு வக்கீல்களின் நோட்டீஸ் வந்ததும் சில நாட்களிலேயே இறக்கப்பட்டது. உழைப்பு எவ்வளவு என்று யாரும் அங்கே கேட்கவில்லை. அதே நின்டெண்டோ 2018இல் வெளியிட்ட விதிகளில் ரசிகர் வீடியோக்களை நிபந்தனையோடு அனுமதித்தது. எந்தக் கேம் கம்பெனி அனுமதி கொடுத்தாலும் அது தன் பொருளுக்கு மட்டும்தான் கொடுக்கும். பாட்டுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் கிடையாது.

இனி நீங்கள் கவனிக்காத இடம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 13(3)ஐ எடுத்துப் படியுங்கள். ஒரு திரைப்படத்தின் கணிசமான பகுதி வேறொருவர் படைப்பின் உரிமையை மீறியதாக இருந்தால், அந்தப் படத்துக்கே பதிப்புரிமை கிடையாது என்கிறது அது. சட்டத்தின் கண்ணில் உங்கள் யூடியூப் வீடியோவும் திரைப்படம்தான். கணிசம் என்பதைக் கோர்ட் ஸ்டாப்வாட்ச் வைத்து மட்டும் அளக்காது, அந்தப் பகுதி படத்தில் எவ்வளவு முக்கியம் என்றும் பார்க்கும். உங்கள் பாட்டு ஓடுவது தேர் நகரும் உச்சக் காட்சியில். ஷார்ட்ஸ் போட்ட சேனல் மேல் நீங்கள் வழக்குப் போட்டால் அவர்களுடைய வக்கீல் முதல் வாய்தாவிலேயே இந்தப் பிரிவைத்தான் எடுப்பார். "வாதியின் வீடியோவே உரிமை மீறல், அதில் அவருக்கு என்ன உரிமை?" என்பார். நான் எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நீங்கள் வடிவமைத்த கோவில், எழுதிய வசனம், பேசிய குரல் ஆகியவை தனித்தனியே உங்கள் உரிமை என்று பதிலுக்கு வாதாடலாம், அதில் பலமும் இருக்கிறது. ஆனால் கறையோடு போய் வாதாடுகிறீர்கள். இந்த வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போடவும் முடியாது. அந்தச் செலவுக்கு உங்கள் 3,800 ரூபாய் எந்த மூலைக்கு?

அடுத்தது கவுன்டர் நோட்டிஃபிகேஷன். என்னிடம் வருகிற பையன்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்களுக்கு முதலில் வந்தது வெறும் கன்டென்ட் ஐடி க்ளெய்ம், அதாவது பாட்டை அடையாளம் கண்டு யூடியூபின் தானியங்கி முறை போடும் உரிமை கோரல். அதை அப்படியே விட்டிருந்தால் வருமானம் அவர்களுக்குப் போயிருக்கும், வீடியோ உங்கள் சேனலிலேயே ஓடியிருக்கும். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை மட்டும் நீக்கவோ மாற்றவோ வசதியும் இருந்தது. கோபத்தில் மறுத்தீர்கள், பிறகு அப்பீல் போனீர்கள். அப்பீல் போனால் க்ளெய்ம் போட்டவருக்கு இரண்டே வழி, விட்டுக்கொடுப்பது அல்லது வீடியோவை நீக்கச் சொல்வது. அவர்கள் நீக்கச் சொன்னார்கள், ஸ்ட்ரைக் விழுந்தது. நீங்களாக ஏறிய படி இது. கவுன்டர் நோட்டிஃபிகேஷன் அதற்கும் மேலே உள்ள படி.

அந்தப் படிவம் புகார்ப் பெட்டி மாதிரித் தெரியும். உண்மையில் அது டிஎம்சிஏ என்ற அமெரிக்கக் காப்பிரைட் சட்டப்படியான உறுதிமொழி. வீடியோ தவறுதலாக நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு, சொல்கிறீர்கள். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டின் அதிகார வரம்பை ஏற்கிறீர்கள். உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எதிர்த்தரப்புக்குப் போகும். அதுவரை அவர்களுக்கு நீங்கள் ஒரு சேனல் பெயர் மட்டும்தான். அனுப்பிய மறுநாளிலிருந்து, நோட்டீஸ் அனுப்ப முகவரி கிடைத்த ஆள். 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும், உண்மைதான். அதை நம்பித்தான் எல்லோரும் அமுக்குகிறார்கள். ஆனால் நம் சட்டத்தின் பிரிவு 62, உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் என்றால் வாய்தாவும் மும்பையில். நெல்லையிலிருந்து எத்தனை முறை போய்வர முடியும்? இப்படி ஒரு மாணவருக்காக நான் வக்காலத்து போட்டிருக்கிறேன். அவருடைய அப்பா கடையை அடைத்துவிட்டு என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு நிமிட வீடியோ அது.

ஃபேர் யூஸ், அதாவது அனுமதி இல்லாமலே நியாயமாகப் பயன்படுத்தலாம் என்ற விலக்கு, என்று நீங்கள் எழுதியது நிற்காது. வீடியோவுக்குக் கீழே '1976ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டம் பிரிவு 107' என்று ஒரு பாராவை ஒட்டியிருக்கிறீர்கள். எல்லோரும் ஒட்டுகிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். நம் சட்டத்தில் அதற்கு இணையானது பிரிவு 52. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு அங்கே இடம் உண்டு. தேர் நகரும்போது நெஞ்சு நெகிழப் பின்னணியில் பாட்டு ஓடுவது இதில் எதிலும் வராது. 30 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நன்றி கார்டு போட்டாலும் அனுமதி வாங்கியதாக ஆகாது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் பதறிப்போனேன். பாட்டின் பிட்சை (சுருதியை) கொஞ்சம் ஏற்றி, சித்தப்பா மகனின் சேனலில் திரும்பப் போடலாம் என்று நண்பர் சொன்னாராம். தயவுசெய்து செய்யாதீர்கள். பிரிவு 63 குற்றமாக்குவது தெரிந்தே செய்யும் மீறலை. இதுவரை தெரியாமல் செய்தேன் என்று சொல்ல உங்களுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது. பிட்சை மாற்றிய நிமிடம், தெரிந்துதான் செய்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி தயார் செய்துவிட்டீர்கள். அதற்குத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை, அபராதம் 50,000த்திலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை. இது போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பின்னணிப் பாட்டுக்காக ஒரு மாணவரைக் கைது செய்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் கம்பெனி வக்கீல் அனுப்பும் நோட்டீஸில் இந்தத் தீர்ப்பு இருக்கும், அதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். லாபத்துக்காகச் செய்யாவிட்டால் தண்டனையைக் குறைக்க அந்தப் பிரிவில் இடம் உண்டு. நீங்கள் மானிடைசேஷன் (விளம்பர வருமானம்) ஆன் செய்து 3,800 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். தொகை சின்னது, ஆனால் அந்த வாசலை அது பாதி மூடிவிடுகிறது. சித்தப்பா மகனின் சேனலும் சேர்ந்து போகும். ஸ்ட்ரைக்கைத் தாண்ட வேறு சேனலைப் பயன்படுத்துவதை யூடியூப் விதி அனுமதிப்பதில்லை.

தங்கையைப் பாடவைத்துப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குரல் தங்கையுடையது, மெட்டும் வரிகளும் இன்னும் அவர்களுடையவை. இப்படி வேறொருவர் திரும்பப் பாடும் கவர் பாட்டுக்குப் பிரிவு 31சி-யில் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. மூல ஒலிப்பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். அதுவும் ஒலிப்பதிவுக்குத்தான், வீடியோவில் சேர்க்க உதவாது. உங்கள் ஊரில் நாதஸ்வரக்காரர்களுக்கா பஞ்சம்? ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒரு மல்லாரி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தேருக்கு அதுதானே பொருத்தம்.

கல்லூரி விழாவில் போட்டுக்காட்டலாம். பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்ற அளவில் இருந்தால் பிரிவு 52 விலக்குக் கொடுக்கிறது. ஆனால் விழாவை லைவ் விட்டால் அந்த விலக்கு போச்சு. திருவிழா எல்இடி திரையில் வேண்டாம். மதச் சடங்குக்கு விலக்கு உண்டே என்று கமிட்டியில் சொல்வார்கள். அந்த விலக்கு பாட்டையும் ஒலிப்பதிவையும் சொல்கிறது, திரைப்படத்தைச் சொல்லவில்லை. மல்லாரி சேர்த்த பதிப்பு தயாரானதும் அதைத் தாராளமாகப் போடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? சமரசம்தான். மியூசிக் கம்பெனியின் காப்பிரைட் ஈமெயிலுக்கு ஐந்தே வரி எழுதுங்கள். பாட்டை நிரந்தரமாக நீக்கிவிட்டேன், மறுபடி பயன்படுத்தமாட்டேன், இதில் வந்த 3,800 ரூபாயைத் தரத் தயார், ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொள்கிறேன். மேலே 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று ஒரு வரி. ஏழு மாதக் கதையையும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மூன்று பக்க மன்னிப்பையும் எழுதவேண்டாம். அந்த மன்னிப்பு நாளைக்கு ஒப்புதல் வாக்குமூலமாகத் திரும்பி வரும். கம்பெனி ஏஜென்ட் என்று யாராவது போன் செய்து ஜிபேயில் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படி 25,000 அனுப்பினார், ஸ்ட்ரைக் அப்படியே இருந்தது, போன் நம்பர் மறுநாள் ஸ்விட்ச் ஆஃப். கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம், ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் உறுதி, இந்த இரண்டும் வந்த பிறகுதான் பணம், அதுவும் பேங்க் வழியாக.

ஷார்ட்ஸ் சேனலை இப்போதைக்கு விடுங்கள். வழக்குப் போட மூன்று வருஷ அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. இன்று செய்யவேண்டியது சாட்சியைச் சேர்ப்பது. அவர்களுடைய ஷார்ட்ஸ் ஒவ்வொன்றின் லிங்க், தேதி, பார்வை எண்ணிக்கையை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். உங்கள் மைன்கிராஃப்ட் வேர்ல்டு ஃபைல், எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் தேதி மாறாமல் ஒரு தனி ஹார்டு டிஸ்கில் வையுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63இன்படி ஹேஷ் வேல்யூவோடு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் கேட்பார்கள், ஒரிஜினல் ஃபைல் இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. மல்லாரிப் பதிப்பு வெளியான பிறகு அந்தச் சேனலுக்கு ஒரு மெயில் போட்டு, பெயரும் லிங்க்கும் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள், அந்தக் கூட்டம் உங்கள் சேனலுக்கு வருவது நஷ்ட ஈட்டைவிட உங்களுக்குப் பயன். மறுத்தால் அப்புறம் என்னிடம் வாருங்கள். நீக்கச் சொல்லி இப்போதே நீங்கள் நோட்டீஸ் கொடுத்தால் அவர்கள் கவுன்டர் கொடுப்பார்கள், 10 வேலை நாளில் வழக்குப் போடவேண்டிய கட்டாயம் உங்கள் தலையில் விழும்.

யூடியூபின் காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தை இன்றே முடியுங்கள், அப்போதுதான் 90 நாளில் ஸ்ட்ரைக் கழியும். ஸ்ட்ரைக் வந்த வீடியோவை டெலிட் செய்வதால் ஸ்ட்ரைக் போகாது. முதல் ஸ்ட்ரைக்குக்கு இன்னும் 50 நாள் இருக்கிறது. அதுவரை அடுத்தவர் பாட்டு, அடுத்தவர் க்ளிப் எதுவும் உங்கள் சேனலில் வரக்கூடாது. பழைய வீடியோக்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சந்தேகம் உள்ளதை உடனே பிரைவேட்டில் போடுங்கள். மூன்றாவது விழுந்தால் தேர் வீடியோவோடு சேனலே போய்விடும்.