மூன்று டேபிளை ஜாயின் செய்தால் விற்பனைத் தொகை எகிறுவது ஏன்?

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கணக்கு மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது. ஆர்டர், ஆர்டரில் உள்ள சரக்கு, வந்த பணம் என்று மூன்று டேபிள்கள். தனித்தனியாகக் கூட்டினால் தொகை சரி. மூன்றையும் ஜாயின் செய்து அறிக்கை எடுத்தால் விற்பனை கன்னாபின்னாவென்று ஏறிவிடுகிறது. மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் ‘டிஸ்டிங்க்ட்’ சேர்த்தார். இப்போது குறைவாக வருகிறது. டேட்டாபேஸ் தாங்கவில்லை, பெரிய சர்வர் வாங்குங்கள், இல்லையென்றால் நோஎஸ்க்யூஎல்லுக்கு (வழக்கமான டேபிள் அமைப்பில் இல்லாத டேட்டாபேஸ் வகை) மாறிவிடலாம் என்கிறார். எனக்கு எஸ்க்யூஎல் அரைகுறையாகத்தான் தெரியும். என்ன செய்வது?

பதில்: முதலில், எதையும் வாங்காதீர்கள். சர்வர் சின்னதாக இருந்தால் பதில் தாமதமாக வரும். ஆயிரம் இரண்டாயிரம் ஆகாது. தொகை தப்பாக வருவதற்கு சர்வரைக் காரணம் காட்டுகிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது தெரிந்திருக்கிறது.

நடப்பது இதுதான். ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம், எண் 501. சரக்கு டேபிளில் அதற்கு மூன்று வரிகள்: 400, 400, 200. ஆக மொத்தம் 1,000. வாடிக்கையாளர் இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார்: 600, பிறகு 400. எந்தச் சரக்கு எந்தத் தவணைக்கு உரியது என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. ஆர்டர் எண் ஒத்துப்போனால் சேர் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். டேட்டாபேஸும் ஒவ்வொரு சரக்கு வரியையும் ஒவ்வொரு தவணையோடும் ஜோடி சேர்க்கிறது. மூவிரண்டு ஆறு வரிகள். அந்த ஆறிலும் சரக்குத் தொகையைக் கூட்டினால் 2,000, பணத்தைக் கூட்டினால் 3,000. இரண்டுமே 1,000 ஆக இருக்க வேண்டியவை.

ஒரேயடியாக இரண்டால் வகுத்துச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு. ஒரே சரக்கு, ஒரே தவணை உள்ள ஆர்டருக்கு ஜாயினில் ஒரு வரிதான் வரும்; அதை வகுத்தால் பாதி விற்பனை காணாமல் போகும். ஆர்டருக்கு ஆர்டர் பெருக்கம் மாறுகிறது, ஆகவே எந்த ஒற்றை எண்ணாலும் இதைத் திருத்த முடியாது.

இப்போது டிஸ்டிங்க்ட். கூட்டித் தரும் ‘சம்’மின் அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டால் ஒரே மதிப்பு எத்தனை முறை வந்தாலும் ஒரு முறைதான் கூட்டப்படும். 501-இல் இரண்டு 400 இருக்கிறதல்லவா? அவை நிஜமாகவே இரண்டு தனிச் சரக்குகள். டிஸ்டிங்க்ட் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு 600 என்று காட்டும். பக்கத்திலேயே வந்த பணம் 600-உம் 400-உம் சேர்ந்து 1,000 என்று மிகச் சரியாக நிற்கும். தவணைகள் வேறு வேறு தொகையாக இருந்த ஒரே காரணத்தால் அது சரியாக வந்தது. 500, 500 என்று கட்டியிருந்தால் 500 என்றே காட்டியிருக்கும். அறிக்கையில் பாதி சரியாக இருப்பதால்தான் இந்த வைத்தியம் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் ஓடுகிறது. ‘சம்’முக்கு வெளியே, செலக்டை அடுத்து டிஸ்டிங்க்ட் போட்டாலோ பயனே இல்லை. கூட்டி முடித்த பிறகு வேலைக்கு வருகிறது அது.

செய்ய வேண்டியது: ஜாயின் செய்வதற்கு முன்பே கூட்டிவிடுங்கள். சரக்கு டேபிளை ஆர்டருக்கு ஒரு வரியாகச் சுருக்குங்கள், பணம் டேபிளையும் அப்படியே. பிறகு இரண்டையும் ஆர்டரோடு சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று. பெருக்க எதுவும் மிஞ்சாது. கட்டளையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், திரையில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ச, ப, ஆ என்பவை நாமே வைக்கும் சுருக்கப் பெயர்கள். ‘லெஃப்ட் ஜாயின்’ என்பது ஜோடி கிடைக்காத ஆர்டரையும் விடாமல் வைத்திருக்கும் ஜாயின்.

வித் ச ஆஸ் (செலக்ட் ஆர்டர்_ஐடி, சம்(தொகை) ஆஸ் விற்பனை ஃப்ரம் ஐட்டம்ஸ் குரூப் பை ஆர்டர்_ஐடி),
ப ஆஸ் (செலக்ட் ஆர்டர்_ஐடி, சம்(தொகை) ஆஸ் வரவு ஃப்ரம் பேமென்ட்ஸ் குரூப் பை ஆர்டர்_ஐடி)
செலக்ட் ஆ.ஐடி, ச.விற்பனை, ப.வரவு ஃப்ரம் ஆர்டர்ஸ் ஆ
லெஃப்ட் ஜாயின் ச ஆன் ச.ஆர்டர்_ஐடி = ஆ.ஐடி
லெஃப்ட் ஜாயின் ப ஆன் ப.ஆர்டர்_ஐடி = ஆ.ஐடி

‘வித்’ மைஎஸ்க்யூஎல் 8.0-இல்தான் வந்தது. 5.7 வைத்திருந்தால் அந்த இரண்டு அடைப்புக்குறிப் பகுதிகளையும் லெஃப்ட் ஜாயினுக்கு அடுத்து நேரடியாக வைத்து, பெயர் கொடுங்கள், விடை ஒன்றேதான்.

சரியாக வந்ததா என்று பார்க்க எஸ்க்யூஎல் புலமை வேண்டாம். ஆர்டர்ஸ் டேபிளில் ‘கவுண்ட்(*)’ போட்டுப் பாருங்கள். ஜாயின் செய்த பிறகு எத்தனை வரி வருகிறது என்றும் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கூடியிருந்தால் எங்கோ பெருக்கம் இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ ஆர்டர் உதிர்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையை எந்தப் பயிற்சி வகுப்பும் முதல் நாளில் சொல்லிக் கொடுப்பதில்லை. ஜாயினுக்கு இரண்டு வட்டம் வரைந்து, நடுவில் வண்ணம் தீட்டி அனுப்பிவிடுகிறார்கள். வரிகள் பெருகும் என்ற செய்தியே அந்தப் படத்தில் கிடையாது.

டெலிவரிக் கட்டணம், தள்ளுபடி போன்றவை ஆர்டர்ஸ் டேபிளில் இருந்தால் அவற்றுக்கும் இதே கதிதான். சரக்கு வரிகளோடு ஜாயின் செய்தால் 50 கட்டணம் மூன்று வரிக்கும் மூன்று முறை வந்து 150 ஆகும். மேலே உள்ள முறையில் இதுவும் தானாகவே சரியாகிவிடும்.

அடுத்து வரப்போகிற தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிச்சயம் மாட்டுவீர்கள். பணமே கட்டாதவருக்கு வரவு ஃபீல்டில் பூஜ்யம் வராது, ‘நல்’ வரும், அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. விற்பனையிலிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல். அதாவது பாக்கிப் பட்டியலில் ஒரு பைசாவும் கட்டாத ஆட்களின் பாக்கி மட்டும் காலியாகக் கிடக்கும். ‘கோஅலெஸ்(ப.வரவு, 0)’ என்று எழுதினால் தீர்ந்தது.

இந்த மாத வரவு மட்டும் வேண்டும் என்று தேதி நிபந்தனை வைக்கும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பணம் டேபிளை நேரடியாக லெஃப்ட் ஜாயின் செய்து, கட்டளையின் கடைசியில் ‘வேர்’ போட்டு, பணம் வந்த தேதியைச் சொல்வார்கள். பணம் கட்டாத ஆர்டருக்குத் தேதி நல். நல் எந்தத் தேதி ஒப்பீட்டிலும் தேறாது. அந்த ஆர்டரே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். எழுதியது லெஃப்ட் ஜாயின், நடந்தது ஜோடி உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளும் இன்னர் ஜாயின். பிழைச்செய்தியும் வராது. ஆகவே பணம் சம்பந்தப்பட்ட நிபந்தனை ‘ப’ என்ற அடைப்புக்குறிக்குள்ளேயே, குரூப் பைக்கு முன்னால் வர வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பணமே வராத ஆர்டர்கள் மட்டும் வேண்டுமென்றால் நிபந்தனை வெளியே, கடைசியில்தான் இருக்க வேண்டும்: ‘வேர் ப.ஆர்டர்_ஐடி ஈஸ் நல்’. ஜோடி கிடைக்காத வரியைத் தேடுகிறோம். ஜோடி கிடைத்ததா இல்லையா என்பது ஜாயின் முடிந்த பிறகுதானே தெரியும். சமக்குறி போட்டு ‘= நல்’ என்று எழுதாதீர்கள், ஒரு வரியும் வராது; ‘ஈஸ் நல்’ மட்டுமே. வரவு ஃபீல்டை வைத்தும் சோதிக்க வேண்டாம். தவணை வரி இருந்து, அதில் தொகை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தால் அதுவும் நல்லாகவே தெரியும், பணம் கட்ட வந்தவரும் கட்டாதவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆர்டர்_ஐடி ஜாயினுக்கே ஆதாரம் என்பதால் ஜோடி கிடைத்த வரியில் அது நல்லாக இருக்க வழியில்லை. இரண்டு கேள்வியையும் ஒரே கட்டளையில் கேட்டால்? “இந்த மாதம் பணம் வராத ஆர்டர்கள்” என்றால் தேதி உள்ளே, ஈஸ் நல் வெளியே. இரண்டும் அதனதன் இடத்தில்.

குரூப் பை எழுதும்போது ‘ஒன்லி_ஃபுல்_குரூப்_பை’ என்ற பெயருடன் ஒரு பிழைச்செய்தி வரலாம். தேடினால் கிடைக்கும் முதல் பதில், அந்த அமைப்பை அணைத்துவிடு என்பதாகவே இருக்கும். அணைக்காதீர்கள். ஒரு குழுவில் பல மதிப்புகள் இருக்கும்போது எதைக் காட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை என்கிறது அந்தச் செய்தி. அணைத்துவிட்டால் ஏதோ ஒன்றைத் தன்னிஷ்டத்துக்கு எடுத்துக் காட்டும். பல ஆண்டுகள் மைஎஸ்க்யூஎல் அப்படித்தான் நடந்துகொண்டது, 5.7-இல்தான் இந்தக் கட்டுப்பாட்டை இயல்பாக்கினார்கள். திருந்தி வந்ததைப் பழையபடி கெடுப்பதற்கு ஆயிரம் பேர் ஆலோசனை தருகிறார்கள்.

நோஎஸ்க்யூஎல் விஷயத்துக்கு வருவோம். அந்த வகையைச் சேர்ந்த மாங்கோடிபியில் ஆர்டருக்குள்ளேயே சரக்குப் பட்டியலையும் தவணைப் பட்டியலையும் வைத்து, இரண்டையும் ‘அன்வைண்ட்’ செய்து, அதாவது பட்டியலைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து, கூட்டினால் அதே ஆறு வரிகள் வரும், அதே 2,000 வரும். இடம் மாறும், பிழை மாறாது, இடமாற்றச் செலவு உங்களுடையது.

அறிக்கை உண்மையிலேயே மெதுவாக வந்தால் சர்வருக்கு முன்னால் பார்க்க வேண்டியது இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பொருளடைவு போல வேண்டிய வரியைச் சட்டெனக் காட்டும் பட்டியல். கட்டளைக்கு முன் ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்து ஓட்டுங்கள். ஒரே ஆர்டரைக் கேட்கும்போது கூட ‘டைப்’ என்ற ஃபீல்டில் ‘ஆல்’ என்று வந்தால் முழு டேபிளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது என்று பொருள். மைஎஸ்க்யூஎல் டேபிள்களைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான இன்னோடிபியில் ஃபாரின் கீ (இங்குள்ள ஆர்டர் எண் ஆர்டர்ஸ் டேபிளிலும் இருக்க வேண்டும் என்பது போன்ற விதி) அறிவித்திருந்தால் அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் தானாக உருவாகியிருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அப்படி உருவாகாது, நாம்தான் போட வேண்டும். அவசரமாக எழுதிக் கொடுக்கப்படும் மென்பொருள்களில் ஃபாரின் கீயே இருக்காது. ‘ஷோ கிரியேட் டேபிள் பேமென்ட்ஸ்’ என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதே திரையில் தொகை ஃபீல்டு ‘ஃப்ளோட்’ என்றிருந்தால் ‘டெசிமல்(12,2)’ ஆக மாற்றச் சொல்லுங்கள்; ஃப்ளோட் எண்ணைத் தோராயமாக வைப்பதால் பைசா சறுக்கும்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்பதற்கு முன் இரண்டு பொருள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, டேட்டாபேஸ் நிர்வாகியின் கடவுச்சொல். “உங்களுக்கு எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். தரவு உங்களுடையது, கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு, ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ கொண்டு எடுத்த முழு நகல். எடுக்கும்போது ‘சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்’ தேர்வைச் சேர்க்கச் சொல்லுங்கள், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் நிலை கிடைக்கும். டேபிள்கள் இன்னோடிபியாக இருந்தால்தான் இது செல்லும். அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, மூன்று டேபிளிலும் வரிகளை எண்ணி, அசலோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன கட்டளையையும் முதலில் அந்த நகலில் ஓட்டி, 501 போன்ற பல தவணை ஆர்டர்கள் நான்கைந்தைக் கையால் கூட்டிச் சரிபார்த்த பிறகு அசல் அறிக்கையை மாற்றச் சொல்லுங்கள்.