அலுவலக மின்னஞ்சல் அமைப்புகளில் நேரும் பிழைகள்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் சில சிறிய அலுவலகங்களின் மின்னஞ்சல் வழங்கிகளை (சேர்வர்களை) பராமரித்து வருகிறேன். அவை போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் ஆகிய இரு மென்பொருள்களால் இயங்குபவை. முன்னது கடிதங்களை அனுப்பவும் ஏற்கவும் செய்கிறது. பின்னது வந்த கடிதங்களைப் பயனருக்கு எடுத்துக் கொடுக்கிறது. அனுப்பும் வழி வேறு, எடுக்கும் வழி வேறு என்பதை மனத்தில் கொண்டு கீழுள்ள பதில்களை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (எழுதுவினைஞர், கோப்பாய்): அலுவலகத்தில் இருக்கும்போது என் மடிக்கணினியிலிருந்து கடிதங்கள் போகின்றன. வீட்டிலிருந்து அனுப்பினால் 554 என்ற எண்ணும் ‘ரிலே அக்சஸ் டினைட்’ என்ற சொற்களும் வருகின்றன. வரும் கடிதங்களில் குறையில்லை. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிவிட்டேன், ஐயா.

பதில்: கடிதங்கள் வந்துகொண்டிருப்பதே உங்கள் கடவுச்சொல் சரியானது என்பதற்குச் சான்று. அனுப்பும் வழிக்கும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில் அந்தப் பகுதி நிரப்பப்படாமல் இருக்கிறது. அலுவலக வலையமைப்பிலிருந்து வரும் கணினிகளை வழங்கி கேள்வியின்றி நம்புமாறு அமைக்கப்பட்டிருப்பதால், இந்தக் குறை அங்கே வெளிப்படவில்லை. வீட்டிலிருந்து வரும்போது, தன்னை அடையாளம் காட்டாத ஒருவர் வெளியாருக்குக் கடிதம் கொண்டுபோகச் சொல்வதாகவே அது கருதுகிறது. அந்த மறுப்பு சரியானது. அது இல்லாவிட்டால் எவரும் நமது வழங்கி வழியே குப்பைக் கடிதங்களை அனுப்பி, நமது வழங்கியின் இணைய முகவரியை (ஐபி) கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவர்.

அனுப்பும் வழங்கிக்கான பகுதியில் போர்ட் எண்ணை (வழங்கியின் எந்த வாயிலுக்குப் போவது என்பதைக் காட்டும் எண்) 587 ஆக்கி, இணைப்பை மறைகுறியாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் பாதுகாப்பைத் தெரிவுசெய்து, அடையாள உறுதிப்பாட்டை இயக்கி, பயனர்பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும் இடுங்கள். 25 என்ற எண் வழங்கிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கு உரியது. கடவுச்சொல் தவறாக இருந்திருந்தால் உங்களுக்கு 535 என்ற எண் வந்திருக்கும்.

கேள்வி (முகாமையாளர், சுன்னாகம்): காலையில் எங்கள் அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் தானாக வருகிறது, மறுபடி நிற்கிறது. உத்தியோகத்தர்கள் வெளிக்கள வேலைக்குப் போனபின் பிற்பகலில் சீராகிவிடுகிறது. இன்ரநெற் இணைப்பு நன்றாகவே உள்ளது.

பதில்: பிற்பகலில் சீராகிறது என்று நீங்கள் எழுதிய குறிப்பே காரணத்தைக் காட்டிவிடுகிறது. அண்மையில் உங்களில் ஒருவர் கணினியில் கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும்; அவரது கைத்தொலைபேசியில் பழையதே இருக்கும். அலுவலக வைஃபையில் இணைந்த அந்தத் தொலைபேசி, பழைய கடவுச்சொல்லோடு வழங்கியின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். வழங்கியில் காவலிருக்கும் ஃபெயில்டுபேன் என்னும் மென்பொருள், மாற்றம் செய்யப்படாத அமைப்பில், 10 நிமிடங்களுக்குள் 5 முறை தவறிய ஐபி முகவரியை 10 நிமிடங்களுக்குத் தடுக்கும். உங்கள் கணினிகளும் தொலைபேசிகளும் ஒரே றௌற்றருக்குப் பின்னால் இருப்பதால் வழங்கியின் கண்ணுக்கு அனைவரும் ஒரே முகவரியினர். ஆகவே ஒருவர் தவறினால் அனைவருக்கும் கதவு மூடப்படுகிறது. அந்த உத்தியோகத்தர் வெளியே போகும்போது தடைக்கான காரணமும் அவரோடு போய்விடுகிறது.

வழங்கியைப் பராமரிப்பவரிடம் பதிவேட்டில் உறுதிப்பாடு தவறிய வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் பயனர்பெயர் இருக்கும். உங்கள் முகவரிக்கு மட்டும் தடையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று சிலர் சொல்வர். நான் அதனைப் பரிந்துரைக்க மாட்டேன். பல அலுவலக இணைப்புகளில் முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் விலக்கு நிலைக்காது. நிலைத்தாலும் உள்ளிருந்து வரும் தாக்குதலைக் காவல் மென்பொருள் கவனிக்காது. தொலைபேசியைத் திருத்துவதே வழி. அந்த உத்தியோகத்தரைக் குற்றம் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எந்தெந்தக் கருவிகளில் அதை மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி (ஆசிரியை, பருத்தித்துறை): என் பெயரைத் தமிழில் அமைத்தேன். பெறுபவர்களுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதாம்.

பதில்: நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. மேலும், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய குறி ஆங்கிலத்தின் அரைப்புள்ளி. அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருள் அதே குறியைக் கொண்டு பெறுநர்களைப் பிரிப்பதால், அத்தகைய பெயரைப் பெறுநர் வரியில் ஒட்டினால் அது துண்டுபட்டுவிடும். பெயரையும் கையொப்பத்தையும் யுனிகோடில் மீண்டும் எழுதுங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கும் நிலையில் கடவுச்சொல்லை இட்டால் அதுவும் தவறாகும். வெறும் புள்ளிகளே தெரிவதால் கண்டுபிடிப்பது அரிது.

கேள்வி (கணக்காளர், சாவகச்சேரி): எல்லை 10 எம்பி என்கிறார்கள். 8 எம்பி கோப்பு ஏன் திரும்புகிறது?

பதில்: இணைப்புகள் அனுப்பப்படும்போது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் பருக்கின்றன; உங்கள் கோப்பு ஏறத்தாழ 11 எம்பி ஆகிவிடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை 10,240,000 பைட்டுகள். 7 எம்பிக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கி அனுப்புங்கள்.

கேள்வி (உத்தியோகத்தர், நல்லூர்): தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளில் பிழை வந்துகொண்டே இருப்பதால், கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்கும்படி நண்பர் சொன்னார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது நீக்காதீர்கள். முதலில் எடுக்கும் வழங்கியின் போர்ட் எண்ணைப் பாருங்கள். 993 அல்லது 143 என்றால் அது கடிதங்களை வழங்கியிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறை. கடிதங்கள் வழங்கியில் இருக்கும். 995 அல்லது 110 என்றால் அது கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறை. பழைய கடிதங்கள் உங்கள் கணினியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். கணக்கை நீக்கும்போது செய்திகளையும் அகற்றவா என்று தண்டர்பேர்ட் கேட்கும். அதற்கு இசைந்தால் அவை போய்விடும். ஓர் அலுவலகத்தில் இப்படி அழிந்த கடிதங்களைத் தேடி நானும் அங்குள்ளவர்களும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். காணி தொடர்பான கடிதங்கள் சில கிடைக்கவேயில்லை. ஆகவே தண்டர்பேர்டை மூடி, அதன் கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளித் தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு, பிழைச் செய்தியை ஒரு சொல்லும் விடாமல் எழுதி அனுப்புங்கள். எந்த வழியில் தவறு என்று பார்த்துச் சொல்கிறேன்.