அம்லோடிபின் போட்டால் கால் வீங்குமா?

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை அம்லோடிபினை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கியதிலிருந்து சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது, இதயம் பலவீனமாகிவிட்டதா, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் மறுபடி ஏறிவிடும். இந்த மாத்திரைக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். அளவு கூடினால் வீக்கமும் கூடும். மாத்திரை சிறு தமனிகளை (ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களை) விரிக்கிறது, ஆனால் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால் நீர் கசிந்து காலில் தங்குகிறது. நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டன் போன்ற வேறொரு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார்.

சரி, இதயக் கோளாறு இல்லை என்று எப்படித் தெரியும்? வீட்டிலிருந்தே உறுதியாகச் சொல்ல முடியாது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, தலையணையை உயர்த்திக்கொண்டே போகிறாரா, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறியதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அதுவரை காலையும் மாலையும் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, பேசவிடாமல் பிரஷர் பார்த்து எழுதிவையுங்கள். அந்தத் தாளையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்.