வாகனத் தணிக்கையில் கிடைத்த ஆதாரம்: மேல்முறையீடு பற்றிய சில கேள்விகள்

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்தார்கள். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டேன். ப்ரீத் அனலைசர் கருவியே பழுது என்று இப்போது மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: இயலாது என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையோ அதன் சட்டத்தன்மையையோ மட்டுமே எதிர்க்க முடியும் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவு கூறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்திடும் முன் கருவி அச்சிட்டுத் தந்த சீட்டை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதில் உள்ள நேரம் வழக்குப் பதிவில் உள்ள நேரத்தோடு பொருந்துகிறதா, அளவு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: காரைச் சோதனையிட்ட முறையே சட்டவிரோதம். கிடைத்த பொருளை ஆதாரமாக ஏற்றது தவறு என்று வாதிட முடியுமா?

பதில்: அமெரிக்காவில் அத்தகைய ஆதாரத்தை விலக்கும் விதி உண்டு, இங்கே பொதுவாக இல்லை. வழக்கோடு தொடர்புடைய பொருளானால், சோதனையில் குறை இருந்தாலும் அதை ஏற்கலாம் என்று 1973இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதைப்பொருள் வழக்குகளில் நிலைமை வேறு. 2021இல் ஹரியானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், சாலையில் நின்றாலும் தனியாருக்குச் சொந்தமான ஜீப் பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகாது, ஆகவே முன்தகவலை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவைக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருந்த தண்டனையை ரத்து செய்தது. ஆனால் உடலைச் சோதிப்பதற்கான, அதே சட்டத்தின் 50ஆம் பிரிவின் பாதுகாப்பு, கையிலிருக்கும் பைக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மேல்முறையீட்டு மனு எழுதுவோரை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: தணிக்கையின்போது எடுத்த வீடியோவை எங்கள் ஆட்சேபணையையும் மீறி ஆவணமாகக் குறித்துவிட்டார்கள். உடனே மேலே போகலாமா?

பதில்: அது வழக்கு முடியும் முன் இடையில் தரும் இடைக்கால உத்தரவு, அதை எதிர்த்து மேல் நீதிமன்றத்தில் சீராய்வு (ரிவிஷன்) மனு போட முடியாது. இறுதித் தீர்ப்பை எதிர்க்கும்போது அதையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபணையை விசாரணையிலேயே எழுப்பாவிட்டால், மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே உங்கள் ஆட்சேபணை விசாரணைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: கால வரம்பு எவ்வளவு?

பதில்: அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற ஆன நாட்கள் கணக்கில் சேராது என்பதால், தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.