நாவலைக் கூட்டாகப் படிக்கும்போது கூடவே என்ன நிட்டிங் செய்யலாம்?

கேள்வி இது: எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி, பழைய நாவல் ஒன்றை அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிட்டிங் தெரியும். நாவலோடு ஒட்டிய எதையாவது சேர்ந்து பின்ன முடியுமா?

முடியும். ஆனால் அட்டைப்பட நிறத்தில் ஒரு மஃப்ளர், கதாநாயகி பெயரில் ஒரு தொப்பி என்று இறங்கினால் மூன்றாவது வாரமே சலித்துவிடும். நாவலுக்குள்ளேயே யாராவது பின்னிக்கொண்டிருந்தால் அந்தப் பின்னலை எடுங்கள். அதில் எண்ணிக்கை, அளவு, தந்திரம் எல்லாம் ஆசிரியரே வைத்திருப்பார்.

முதலில் ஊசி. கடையில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் ஊசி கிடைக்கும். நீலகிரி கேத்தியில் தயாராகும் போனி ஊசியிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ.; எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க வடிவத்தில் 8 என்று போட்டிருந்தால் அது 5 மி.மீ. எட்டுப் பேரில் இரண்டு பேராவது இதில் ஏமாறுவார்கள். அதனால் குழுவுக்குள் மி.மீ. கணக்கு மட்டும் பேசுங்கள். நூல் நடுத்தரத் தடிமன், லேபிளில் டிகே என்றிருக்கும்.

கூட்டு வாசிப்புக்கு என் முதல் தேர்வு சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’. அதில் மதாம் டிஃபார்ஜ் மதுக்கடையில் உட்கார்ந்து, பழிதீர்க்க வேண்டியவர்களின் பெயர்களைத் தனக்கு மட்டுமே புரியும் குறிகளாகப் பின்னலில் பதிந்துகொண்டே இருப்பாள். 1859 ஏப்ரல் 30 முதல் நவம்பர் 26 வரை 31 வாரத் தொடராக வந்த கதை. அதே வேகத்தில் வாசிக்கலாம். மொத்தம் 45 அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு 10 வரி பின்னினால் 450 வரி. 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 30 வரி வரும், ஆக 150 செ.மீ. நீளம். சரியான மஃப்ளர் அளவு. 200 கிராம் நூல் போதும்.

குறியீட்டைத் தமிழிலேயே அமைக்கலாம், நம் எழுத்து இதற்கு வாகானது. மெய் 18க்கும் க் முதல் ன் வரை நெடுங்கணக்கு வரிசையில் 1 முதல் 18 எண். 19 முதல் 22 வரை ஜ், ஷ், ஸ், ஹ்; ஆய்தத்துக்கு 23. உயிருக்கு அ முதல் ஔ வரை 1 முதல் 12, புள்ளிக்கு 0. மெய்யெண்ணை 16, 8, 4, 2, 1 என்ற ஐந்து இடங்களிலும், உயிரெண்ணை 8, 4, 2, 1 என்ற நான்கு இடங்களிலும் பிரித்து எழுதுங்கள். 0 என்றால் நிட் (சாதாரண நேர்ப்பின்னல்), 1 என்றால் பர்ல் (அதைத் திருப்பிப் போடுவது). ஓர் எழுத்துக்கு 9 கண்ணி, அதாவது ஊசியில் 9 வளையம். தனி உயிரெழுத்துக்கு மெய்யிடம் ஐந்தும் 0.

நாவலில் வரும் ‘லூசி’யைப் பாருங்கள். லூ என்பது ல் 13, ஊ 6. அதாவது 01101 0110. சி என்பது ச் 3, இ 3. அதாவது 00011 0011. வழவழப்பான நிட் பரப்பில் பர்ல் போட்ட இடம் மட்டும் சின்ன முடிச்சாகப் புடைத்து நிற்கும். விரலால் தடவியே படித்துவிடலாம்.

நான்கு எழுத்துக்கு 36 கண்ணி, இருபுறமும் ஓரத்துக்கு 5, ஆக 46 கண்ணி ஏற்றுங்கள். அகலம் 21 செ.மீ. வரும். அந்த 450 வரியோடு, தொடக்கத்தில் 6 வரியும் முடிவில் 6 வரியும் கூடுதலாக முழுக்க நிட். இல்லாவிட்டால் நுனி சுருண்டுகொள்ளும். இடையில் ஒற்றைப்படை வரிகள் நேர்ப்பக்கம், எல்லாம் நிட். இரட்டைப்படை வரிகளில் ஓரம் 5 நிட், நடு 36 பர்ல், ஓரம் 5 நிட். ஒவ்வோர் அத்தியாயத்தின் 10 வரியிலும் 3ஆம், 7ஆம் வரிகளில் மட்டும் பெயர். ‘டார்னே’ மூன்றெழுத்து, ஒரே வரியில் முடியும். மிச்சம் 9 கண்ணி வெறும் நிட். ‘எவ்ரெமாண்ட்’ ஆறெழுத்து, இரண்டு வரியும் வேண்டும். எந்த அத்தியாயத்தில் யார் பெயர் ஏறுவது என்பதைக் குழு பேசி முடிவு செய்யட்டும்; பாதி விவாதம் அங்கேயே நடந்துவிடும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் வலமிருந்து இடமாகப் பின்னுகிறோம், இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். எழுதி வைத்த குறியை முன்னிருந்து பின்னினால் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும். கடைசி எழுத்தின் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், லூ எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான், தப்பு தெரியாது. சி காட்டிக்கொடுத்துவிடும்: புரட்டினால் மெய்யெண் 25 வரும், அப்படியோர் எழுத்தே நம் பட்டியலில் இல்லை.

9 கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு முடிச்சு தவறியது நாலு வரி கழித்துத்தான் தெரிந்தது என்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறான வரி வரை இறக்கி, குரோஷே ஊசியால் சரியான பக்கமிருந்து கோத்து ஏற்றலாம். நிறம் வெளிறியதாக, நூல் பிசிறில்லாமல் இருக்கட்டும். கறுப்பிலும் மொசுமொசு நூலிலும் மதாம் டிஃபார்ஜே வந்தாலும் படிக்க முடியாது. ஓரத்தை 5 கண்ணிக்கு மேல் அகலமாக்காதீர்கள்: முழு நிட் ஓரம் நடுவைவிடக் குட்டையாக ஏறும், மஃப்ளர் வில்லாக வளையும்.

ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பின்னுவதானால் இன்னொன்று. பெயர் வரியை வாசிப்பு முடிந்தபின் போடுங்கள், மிச்ச எட்டு வரியைக் கேட்டுக்கொண்டே போடலாம். எண்ணிக்கையும் கதையும் ஒரே நேரத்தில் தலையில் நிற்காது. ஒரே மஃப்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னுவதும் வேண்டாம். ஆளுக்கு ஆள் கை இறுக்கம் மாறும். ஒருவர் பின்னிய 46 கண்ணி 19 செ.மீ., அடுத்தவருடையது 23. பார்க்கப் பாம்பு இரை விழுங்கியதுபோல் இருக்கும்.

எல்லோரும் சேர்ந்து ஒரே பொருள்தான் வேண்டும் என்றால் லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமென்’. முதல் அத்தியாயத்திலேயே ஜோ கையில் படைவீரர்களுக்கான நீலக் காலுறை இருக்கிறது. இரண்டு பாகமும் சேர்ந்து 47 அத்தியாயம். தலைப்புக்கு ஒன்று சேர்த்தால் 48 சதுரம், எட்டுப் பேருக்கு ஆளுக்கு 6. நான்கு சகோதரிகளுக்கு நான்கு நிறம், அத்தியாயம் யாரைச் சுற்றி நடக்கிறதோ அவர் நிறம். 15 செ.மீ. சதுரங்களை 6க்கு 8 வைத்தால் 90க்கு 120 செ.மீ. போர்வை. கை இறுக்கச் சிக்கலுக்கு இங்கே வழி உண்டு: மூலையிலிருந்து தொடங்குங்கள். 3 கண்ணி ஏற்றி, எல்லா வரியும் நிட். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியில் முன்னும் பின்னும் நிட் போட்டு ஒன்று கூட்டுங்கள். பக்க விளிம்பு 15 செ.மீ. தொட்டதும், வரிக்கு ஒருமுறை தொடக்கத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, 3 மிஞ்சும்வரை குறையுங்கள். யார் எவ்வளவு இறுக்கினாலும் சதுரம் சதுரமாகவே வரும். அளக்கும்போது விளிம்பை இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். இணைப்பதற்கும் சேர்த்து 800 கிராம் நூல் வாங்குங்கள், ஒவ்வொரு நிறத்தையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில்.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு த லைட்ஹவுஸ்’ படிப்பவர்களுக்குக் காலுறைதான். மிசஸ் ராம்சே கலங்கரை விளக்கக் காவலரின் சிறுவனுக்காகப் பின்னி, தன் மகன் ஜேம்ஸின் காலில் வைத்து அளப்பாள். அவன் அசைந்துகொண்டே இருப்பான், உறையும் நீளம் போதாமல் இருக்கும். ஆளில்லாமல் அளக்க ஒரு வழி: பாத நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுங்கள், கம்பளி இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். பருத்தி நூலுக்கு இது பொருந்தாது, அது மீளாது.

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ 361 அத்தியாயம், நாளுக்கொன்றாக ஓர் ஆண்டு வாசிப்பு. இறுதியுரையில் ஆயா அன்னா மகாரோவ்னா ஒரே ஊசிகளில் இரண்டு காலுறைகளைச் சேர்த்துப் பின்னி, முடிந்ததும் குழந்தைகள் முன் ஒன்றுக்குள்ளிருந்து மற்றொன்றை உருவி எடுப்பாள். மந்திரமில்லை, இரட்டைப் பின்னல். முதல் முயற்சிக்குக் குழந்தைக் காலுறை எடுங்கள்: 3.25 மி.மீ. இருமுனை ஊசி, உறைக்கு 36 கண்ணி. இரண்டின் மேல் பட்டையையும் தனித்தனியே 10 சுற்று பின்னி, ஒன்றை உள்வெளியாகத் திருப்பி மற்றதற்குள் நுழைத்து, வெளிக்கண்ணி ஒன்று, உள்கண்ணி ஒன்று என்று மாற்றி மாற்றி நான்கு ஊசியில் ஏற்றுங்கள், ஊசிக்கு 18. ஐந்தாவது ஊசி பின்ன. வெளிக்கண்ணியை முதல் நூலால் நிட், உள்கண்ணியை இரண்டாம் நூலால் பர்ல். நிட் போடும்போது இரண்டு நூலும் பின்னால், பர்ல் போடும்போது இரண்டும் முன்னால். ஒரே ஒருமுறை ஒரு நூலை நகர்த்த மறந்தாலும் அந்த இடத்தில் இரண்டு உறையும் கட்டிப்போடப்படும், உருவ வராது. அதனால் இரண்டு நிற நூல் வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் உடனே வேறு நிறம் எட்டிப்பார்க்கும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை இரண்டு அடுக்குக்கும் நடுவே விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள்.

குதிகாலை அப்போதே போட முயலாதீர்கள். அந்த இடத்தில் 18 வெளிக்கண்ணியை ஒரு கழிவு நூலாலும் 18 உள்கண்ணியை இன்னொரு கழிவு நூலாலும் பின்னிவிட்டு, அதே கண்ணிகளின்மேல் உண்மையான நூலால் தொடருங்கள். உருவியபின் கழிவு நூலைப் பிரித்தால் கிடைக்கும் 36 கண்ணியில் குதிகால் எடுக்கலாம். விரல் முனைக்கு வந்ததும் கண்ணிகளைப் பிரித்து இரண்டு தனி நூலில் கோத்து வையுங்கள், முடிச்சிடாமல். அந்த அத்தியாயம் வாசிக்கும் நாளில் எல்லோர் முன்னும் உருவி, முனையைப் பிறகு தனித்தனியே முடிக்கலாம்.