உள்ளங்கை எரியும்போது கீமோ மாத்திரையை என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மூன்றாவது சுற்றில் ஒன்பதாவது நாள். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிகின்றன, விரல் நுனியில் தோல் உரிகிறது. தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பி வந்துவிடும் என்று பயந்து டாக்டரிடம் சொல்ல மறுக்கிறார். மூட்டுவலிக்குத் தடவும் ஜெல் இதற்குக் கேட்கும் என்று தில்லியில் கண்டுபிடித்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் இதற்கென்றே ஒரு 'கிட்' இருக்கிறது, 4,500 ரூபாய் என்கிறார். போதாததற்கு ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகையும் விழவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மா இன்று இரவு மாத்திரையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், சிகிச்சை தரும் டாக்டருக்கோ அங்குள்ள நர்ஸுக்கோ போன் போட்டுவிடுங்கள். கரண்டி பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை அப்படியே சொல்லுங்கள். இந்த நிலையில் பொதுவாக மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்திவைக்கத்தான் சொல்வார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஓ.பி.யில் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லும் அம்மாக்களை வாரந்தோறும் பார்க்கிறேன். "கையைக் காட்டுங்கம்மா" என்று நான் கேட்ட பிறகுதான் கை வெளியே வரும். ஒருமுறை ஒரு அம்மாவுக்குக் காலில் மெட்டியைச் சுற்றி நீர் கோத்து, கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. பத்து நாளாக அதோடு மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். முதல் எரிச்சலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வார இடைவெளியில் முடிந்திருக்கும். கடைசியில் ஒரு மாதத்துக்கு மேல் சிகிச்சை நின்றுபோனது. மறைத்ததால்தான் அவருக்கு நீண்ட நிறுத்தம் வந்தது என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இடைநிறுத்தம் என்பது சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே அது எழுதியிருக்கிறது. வலி வந்து அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் அது இந்தக் கை, கால் தொல்லையில் இரண்டாம் நிலை. முதல் தடவை அப்படி வந்தால் நிறுத்தி, கை ஆறியதும் பெரும்பாலும் அதே அளவில் மறுபடி தொடங்கலாம். திரும்பவும் வந்தால் அளவை முக்கால் பங்காகக் குறைப்பார்கள். கொப்புளம், புண், கடும் வலி என்று போய், தானாகக் குளிக்கவோ உடுத்தவோ முடியாமல் போனால் அது மூன்றாம் நிலை. அதில் முதல் தடவையிலேயே அளவு குறையும். முதல் நிலை என்பது லேசான சிவப்பும் மரத்த உணர்வும்தான். அதில் பெரும்பாலும் மாத்திரை தொடரும். இடையில் விட்டுப்போன மாத்திரைகளைப் பிறகு சேர்த்துச் சாப்பிட்டு ஈடுகட்டக் கூடாது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "நாலு நாள் மாத்திரை பாக்கி இருக்கே" என்று அம்மாக்களுக்குத் தோன்றும்.

இதற்கு எங்கள் சீட்டில் 'ஹேண்ட் ஃபுட் சிண்ட்ரோம்' என்று எழுதுவோம். அலர்ஜி அல்ல, உடம்புச் சூடும் அல்ல. மருந்தின் வேலையால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அழற்சி வருகிறது. அந்த இடங்களில்தான் தேய்ப்பும் அழுத்தமும் வெப்பமும் அதிகம். அதனால் எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீரில் குளித்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு பட்டால் இது கூடும்.

இனி அந்த ஜெல். வாட்ஸ்அப்பில் வந்தது பொய் இல்லை, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. புதுதில்லி எய்ம்ஸில் டாக்டர் அதுல் பத்ரா குழுவினர் செய்த ஆராய்ச்சி அது, 2024-ல் வெளியானது. கேபசிடபின் தொடங்கவிருந்த மார்பகப் புற்றுநோய், இரைப்பை-குடல் புற்றுநோய் நோயாளிகள் 264 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் ஜெல். எது யாருக்குப் போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. தினம் இரண்டு வேளை, 12 வாரம் தடவினார்கள். இரண்டாம், மூன்றாம் நிலைத் தொல்லை வெறும் ஜெல் தடவியவர்களில் 100-க்கு 15 பேருக்கு வந்தது. மருந்து ஜெல் தடவியவர்களில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. இதனால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வந்ததும் முன்னவர்களில் 100-க்கு 13, 14 பேர் என்றால் பின்னவர்களில் 4 பேர்தான். மூட்டுவலிக்கு நாம் வாங்கும் சாதாரண டியூபில் இவ்வளவு பலன் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பழைய, மலிவான மருந்தில் இப்படி ஒரு ஆராய்ச்சி செய்ய எந்தக் கம்பெனியும் வரிந்துகட்டிக்கொண்டு வராது. ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது விட்டுப்போன பாதி. நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சலிக்காமல் சொல்வது இதைத்தான். அந்த ஜெல் தொல்லை வராமல் தடுக்கத்தான் தரப்பட்டது. முதல் மாத்திரையோடு சேர்த்தே தடவத் தொடங்கினார்கள். வந்துவிட்ட எரிச்சலை அது ஆற்றும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை, அதைச் சோதிக்கவும் இல்லை. உங்கள் அம்மாவுக்குத் தோல் உரியத் தொடங்கிவிட்டது. உரிந்த, வெடித்த தோலில் இந்த ஜெல்லைத் தடவவே கூடாது. அம்மாவின் கை ஆறி, அடுத்த சுற்று தொடங்கும்போது "இந்த முறை முதல் நாளிலிருந்தே டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். அப்போது அது பொருத்தமான கேள்வி. வலி மாத்திரையால் மூச்சுத்திணறலோ அலர்ஜியோ வந்திருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்படி டாக்டர் சரி என்று சொன்னாலும் கடையில் ஏமாந்துவிடாதீர்கள். ஆராய்ச்சியில் இருந்தது டைக்ளோஃபினாக் மட்டும். நம் மெடிக்கல் ஷாப்பில் "வலி ஜெல் குடுங்க" என்றால் எடுத்துத் தரும் டியூப்களில் பலவற்றில் அதோடு மென்தால், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் இருக்கும். சிலவற்றில் மிளகாயின் காரச் சத்தான கேப்சாய்சின்கூட இருக்கும். தடவினால் குளிர்ந்து, சுர்ரென்று சூடேறும் அல்லவா, அது இவற்றின் வேலை. வெந்துபோன உள்ளங்கையில் மிளகாயைத் தேய்த்தால் எப்படி இருக்கும்? ஒருவர் அப்படித் தடவிவிட்டு, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டியூபைத் திருப்பிப் பார்த்து, உட்பொருள் வரியில் டைக்ளோஃபினாக் என்ற ஒரு மருந்துப் பெயர் மட்டும் இருக்கிறதா என்று படியுங்கள். ஸ்ப்ரே வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். இந்தக் கைக்கு எல்லாம் ஒன்றல்ல. அந்த உட்பொருள் வரி பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதற்கு யாரிடம் போய் முறையிடுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. கண் மங்கிய ஒரு அம்மா தன் மருந்தைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள இந்த நாட்டில் வழியில்லை.

வாசலில் நிற்பவரின் கிட்டுக்கு வருவோம். அதை வாங்காதீர்கள். இதேபோன்ற ஒரு பையை ஒரு நோயாளியின் மகன் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். ஒரு யூரியா கிரீம், ஒரு ஜோடி பருத்திக் கையுறை, ஒரு அட்டை சத்து மாத்திரை. கிரீமும் கையுறையும் தெருமுனைக் கடையிலேயே மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. என்னைக் கோபப்படுத்தியது மூன்றாவது. அட்டையின் பின்பக்கத்தில் பி காம்ப்ளக்ஸோடு ஃபோலிக் ஆசிட். அது கேபசிடபினின் பக்கவிளைவைக் கூட்டக்கூடியது. எரிச்சலைக் குறைக்கிறேன் என்று காசு வாங்கி, எரிச்சலைக் கூட்டும் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டருக்குத் தெரியாமல் எந்தச் சத்து மாத்திரையும், எந்த டானிக்கும் இப்போது வேண்டாம்.

வைட்டமின் பி6 மாத்திரையை இதற்கென்று இன்னமும் பலர் எழுதித் தருகிறார்கள், எங்கள் ஆட்களும்தான். தென்கொரியாவில் 389 பேரிடம் சோதித்து 2010-லேயே வெளியிட்டார்கள், வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பழக்கதோஷத்தில் எழுதுகிறோம், நோயாளி காசு கொடுத்து வாங்குகிறார்.

யூரியா கிரீம் பற்றி நல்ல செய்தி உண்டு. ஜெர்மனியில் 152 பேரிடம், இந்தத் தொல்லைக்கென்றே தயாரித்த ஒரு விசேஷக் களிம்பையும் சாதாரண 10 சதவீத யூரியா கிரீமையும் ஒப்பிட்டார்கள். 2015-ல் முடிவு வெளியானது. விசேஷக் களிம்பில் 100-க்கு 39, 40 பேருக்குத் தொல்லை வந்தது, யூரியா கிரீமில் 22 பேருக்கு. ஜெயித்தது மலிவான டியூப்தான். அதுவும் தடுப்புக்குத்தான் என்றாலும், தோல் வெடிக்காத இடங்களில் ஈரப்பதம் காக்க இப்போதே தடவலாம். வெடித்த இடத்தில் யூரியாவும் எரியும், அங்கே டாக்டர் சொல்வதை மட்டும் போடுங்கள். '10 சதவீதம்' என்று பார்த்து வாங்குங்கள். பித்தவெடிப்புக்கு என்று விற்கும் சில கிரீம்களில் யூரியாவின் அளவு இன்னும் அதிகம், அவை தோலை உரிப்பவை.

மருதாணி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். துருக்கியில் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து, பலன் தெரிந்ததாக 2008-ல் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாத ஆய்வு, அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. என் ஆட்சேபம் வேறு. கை சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் நிலையைக் கணிக்கிறேன். மருதாணி வைத்துவிட்டால் எனக்கு என்ன தெரியும்? கடையில் விற்கும் கருப்புக் கோன் மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம், அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் கலந்திருக்கும். கொப்புளத்தின் மேல் கொப்புளம் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மெட்டியையும் மோதிரத்தையும் இன்றே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம். அடுப்பு, தோசைக்கல், சுடுநீர், சவுக்காரக் கட்டி, பாத்திரம் தேய்ப்பது எதுவும் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். வெறுங்காலோடு நடக்க வேண்டாம், மெத்தென்ற செருப்பு போதும். சமையலை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். பெரும்பாலான அம்மாக்கள் விடமாட்டார்கள், சண்டை போட்டாவது வாங்குங்கள். வழக்கத்தைவிட நாலைந்து தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு போனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலோ, 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ கையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். "இதுக்கு புது மருந்து ஆராய்ச்சி நடக்குது, பத்தாயிரம் குடுத்தா உங்க அம்மாவைச் சேர்த்துவிடுறேன்" என்று வருபவர்கள். முறையான மருத்துவ ஆராய்ச்சியில் சேர நோயாளி இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. நம் நாட்டில் 2009 முதல் இப்படிப் புது மருந்தைச் சோதிக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சியும் 'சி.டி.ஆர்.ஐ' என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டாலே ஆள் நகர்ந்துவிடுவார்.

கடைசியாகக் கைரேகை. அம்மா பயப்பட வேண்டாம், இது தெரிந்த விஷயம்தான். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இதே மாத்திரை சாப்பிட்டுவந்த நிலையில் 2008 டிசம்பரில் அமெரிக்கா போனபோது, ரேகை விழவில்லை என்று விமான நிலையத்தில் நாலு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அது மருத்துவ இதழிலேயே வந்தது. மாத்திரை முடிந்து சில வாரங்களில் ரேகை பெரும்பாலும் திரும்பிவிடும். கை எரியாதவர்களுக்கும் ரேகை மங்குவது உண்டு. ரேஷன் அட்டையில் பெயர் உள்ள வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம். போக ஆளே இல்லையென்றால் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையில் கேளுங்கள். இல்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். பென்ஷன் வாங்குபவராக இருந்தால் வாழ்நாள் சான்றுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி 2021 நவம்பரில் வந்துவிட்டது. இத்தனை வழிகள் இருந்தும், தோல் உரிந்த விரலை அந்தக் கருவியில் "நல்லா அழுத்துங்கம்மா, இன்னொரு வாட்டி" என்று ஏழெட்டுத் தடவை அழுத்த வைத்து, கண்ணில் தண்ணீரோடு என் முன்னால் வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கிறேன். அம்மாவை இனி அந்த வரிசைக்கு அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். கேபசிடபின் சாப்பிடுகிறார், அதனால் ரேகை தற்காலிகமாக மங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் ஆஸ்பத்திரி முத்திரையோடு இரண்டு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கேட்டாலும் காட்டலாம். இன்றைக்கு போன் செய்யும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.