மணலுக்குள் மறையும் ஒழுக்கு: குழாய்க் கேள்விகள் சில

கல்லடி வாசகர்: நடுச்சாமத்திலும் தண்ணீர் மெல்லத்தான் வருகிறது. றோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒழுக்கு இருக்குமா?

இருக்கலாம். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடல் மணல். கசிகிற தண்ணீர் மேலே வராமல் கீழே இறங்கிவிடும். இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பாவனை குறைவு, அழுத்தம் ஏற வேண்டும். அது ஏறாமல், பகுதிக்கான பெரிய மீற்றரும் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கும். (மேல்தாங்கிகள் இரவில்தான் நிரம்பும், அதைக் கழித்துப் பாருங்கள்.) ஓட்டம் கூடாமல் அழுத்தம் மட்டும் குறைந்தால், யாரோ வால்வைப் பாதி மூடியபடி விட்டிருக்கலாம்.

ஒலுவில் பொறியியல் மாணவி: குழாய்ச் சேதத்தைக் கண்டுபிடிக்க அழுத்தம், ஓட்டம், சத்தம் என்று மூன்று உணரிகள் (சென்சர்). ஒன்று சேதம் என்கிறது, மற்ற இரண்டும் இல்லை என்கின்றன. பெரும்பான்மைப்படி போகலாமா சேர்?

வேண்டாம் மகள். இது தேர்தல் இல்லை. 1000 குழாய்த் துண்டுகளில் 10 சேதம் என்று வையுங்கள். ஒவ்வொரு உணரியும் பத்துச் சேதத்தில் ஒன்பதைப் பிடிக்கும்; நல்ல துண்டுகளிலும் பத்தில் ஒன்றுக்குச் சும்மா கத்தும். ஒன்றை மட்டும் நம்பினால் 108 இடம் தோண்ட வேண்டும், அதில் 9தான் உண்மை. மூன்றும் சேர்ந்து கத்திய இடங்களை மட்டும் எடுத்தால் சுமார் 8 இடம், 7 உண்மை. ஆனால் பத்தில் மூன்று தப்பிவிட்டதே! அதனால்தான் கையைத் தூக்கச் சொல்லாமல், எந்த உணரி எவ்வளவு பிழைவிடும் என்று பார்த்து, குறைவாகப் பிழைவிடுவதன் சொல்லுக்குக் கூடுதல் நிறை கொடுக்கிறோம்.

இந்தக் கணக்கு, மூன்றும் வெவ்வேறு காரணத்தால் பிழைவிட்டால்தான் சரிவரும். ஒரே பம்பிக்குக் கீழே இரண்டு அழுத்தமானி பூட்டினால், பம்பி தொடங்கும்போது இரண்டும் சேர்ந்தே துள்ளும். அது இரண்டு சாட்சி இல்லை, ஒரே சாட்சி இரண்டு தரம் சொன்னதுதான். ஆய்வறிக்கைகளில் நான் அடிக்கடி காணும் ஓட்டை இது.

அக்கரைப்பற்று, குழாய் வேலை செய்பவர்: ஒலிக்கருவி காட்டிய இடத்தைத் தோண்டினோம். குழாய் பத்திரமாக இருக்கிறது!

கருவிக்கு என்ன குழாய் என்று கொடுத்தீர்கள்? ஒழுக்கின் சத்தம் இரும்புக் குழாயில் செக்கனுக்குச் சுமார் 1200 மீற்றர் ஓடும், பீவீசியில் சுமார் 450. ஒழுக்கின் இரு பக்கமும் வைத்த இரண்டு உணரிகளுக்கு இடையே 100 மீற்றர், சத்தம் அவற்றுக்கு வந்து சேர்ந்த நேர வித்தியாசம் 0.05 செக்கன் என்றால், ஒழுக்கு இருப்பது, குழாய் இரும்பென்றால் முதலில் கேட்ட உணரியிலிருந்து 20 மீற்றரில், பீவீசியென்றால் கிட்டத்தட்ட 39 மீற்றரில். பாதி வழியில் குழாய் மாறியிருந்தால் இரண்டுமே பிழை. பழைய வரைபடத்தையும், அதைப் புதைத்த மேசனின் ஞாபகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அவையும் தகவல்தான்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: வேலியோரம் தேங்குவது மழைத்தண்ணீரா, குழாய்த்தண்ணீரா?

குழாய்த்தண்ணீரில் குளோரின் இருக்கும்; தேங்கிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, அதில் குளோரின் பார்க்கும் குளிசை போடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் அநேகமாகக் குழாய்த்தண்ணீர். வராவிட்டால் மழை என்று முடிவெடுக்காதீர்கள். மண்ணுக்குள்ளேயே குளோரின் அழிந்திருக்கலாம். அப்புறம் வீட்டுக் குழாய்களை எல்லாம் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். ஓடினால் ஒழுக்கு உங்கள் பக்கம், நின்றால் றோட்டுப் பக்கம் தேட வேண்டும்.